ஒருவரைத்தான் சொல்லலாம்

கண்ணைத் திறந்துகொண்டே கனவு காணும் பழக்கம் தையல்நாயகிக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை வயலில், களை வெட்டிக்கொண்டே போனால், எல்லாரும் வரப்போடு நின்றுவிடுவார்கள். இவள் மட்டும் வரப்பைத் தாண்டிப் பக்கத்துக் கொல்லைக்குள் நுழைந்து அடுத்தவர் களையையும் வெட்டிக்கொண்டிருப்பாள். “இவளுக்கு ஒடம்பு இங்க, உசுரு எங்கியோ” என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் சிரித்துக்கொண்டேதான் அடித்துக்கொள்வாள்.

அப்படிப்பட்ட பெண் நர்சு வேலைக்குப் போகிறாள் என்றதும் ஊரில் நம்பியவர்கள் குறைவு. அதிலும் அவளுக்கு வாய்த்தது டயாலிசிஸ் பிரிவு. கிட்னி நின்றுபோனவர்கள் வாரத்தில் இரண்டு மூன்று முறை வந்து படுப்பார்கள். கையில் இரண்டு ஊசி ஏற்றி, ஒன்றின் வழியாக ரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் சுத்தம் செய்து, மற்றதன் வழியாக உடம்புக்கே திருப்பி அனுப்ப வேண்டும். நாலு மணி நேர வேலை. அசந்தால் ஆபத்து.

தையல்நாயகி அசரவில்லை. ஊசி பிடித்துவிட்டால் அவள் உலகம் அந்த ஊசி முனை அளவுக்குச் சுருங்கிவிடும். வலிக்காமல் ஏற்றுவாள் என்று விழுப்புரம் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் இருந்தது. “நாயகி சிஸ்டர் வரட்டும்” என்று கையை நீட்டாமல் படுத்திருக்கும் நோயாளிகள் உண்டு.

கனவுகளை அவள் ரயிலுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தாள். திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணம் சாலையை ஒட்டின ஊர் அவளுடையது. கணவன் வேங்கடேசன் காலையில் வண்டியில் கொண்டுவந்து ஸ்டேஷனில் விடுவான். ஜன்னல் ஓரம் கிடைத்துவிட்டால் போதும். மயிலம் குன்றும் கோபுரமும் பனிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மறையும். பேரணி தாண்டும்போது கண் பாதி செருகியிருக்கும். வயல், ஏரி, பனைமரம் எல்லாம் ஒன்றோடொன்று கரைந்து ஓடும். முண்டியம்பாக்கம் வந்தால் சர்க்கரை ஆலையின் பாகு வாசனை வந்து தோளைத் தொட்டு எழுப்பும். அதற்குள் அவள் எங்கெங்கோ போய் வந்திருப்பாள்.

நாற்பத்து நாலு வயது வரைக்கும் வாழ்க்கை இப்படியே ஓடியது. அந்தப் பங்குனியில் ஆஸ்பத்திரி நிர்வாகி மணிமாறன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“திண்டிவனத்துல புதுசா ஒரு யூனிட் தொறக்கிறோம் சிஸ்டர். எட்டு பெட்டு. நீங்கதான் இன்சார்ஜ்.”

தையல்நாயகி திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

“நானா சார்? செண்பகம் இருக்குதே...”

“செண்பகம் இங்க பாத்துக்கும். அங்க வரப்போறது உங்க ஊரு ஜனங்க. உங்க கைன்னாதான் வருவாங்க.” மணிமாறன் கொஞ்சம் தயங்கினார். “இன்னொண்ணு. புதுசா பொறுப்புக்கு வர்றவங்களுக்குத் துணைக்கு ஒருத்தரைக் குடுக்கணும்னு மேலேருந்து சொல்லியிருக்காங்க. கோச்சு வேணும்னா சென்னையில ஒரு மேடம் இருக்காங்க, போன்லயே பேசுவாங்க, மூணு மாசம். மென்டர்னா நம்ம ஆளுங்கள்ளயே அனுபவப்பட்டவங்க ஒருத்தர், ஒரு வருஷம். ரெண்டுல ஒருத்தரைத்தான் சொல்லலாம்.”

“ரெண்டுக்கும் இன்னா சார் வித்தியாசம்?”

மணிமாறன் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். “கோச்சு உங்களைக் கேள்வி கேப்பாங்க. மென்டரை நீங்க கேள்வி கேக்கலாம். எனக்குப் புரிஞ்சது அவ்ளோதான்.”

“மென்டர்னா யாரு சார் வருவாங்க?”

“வேற யாரு? யூனிட்டு நடத்தின ஆளு நம்மகிட்ட ஒருத்தர்தான். செண்பகம்தான்.”

தையல்நாயகிக்கு முகம் லேசாக மாறியது. அவர் கவனிக்கவில்லை.

செண்பகம் அங்கே பயிற்சிக்கு வந்தபோது ஒல்லிக்குச்சி மாதிரி இருந்தாள். ஊசி பிடித்த கை நடுங்கும். அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்துப் பிடித்துப் பழக்கியவள் தையல்நாயகிதான். பிறகு செண்பகம் படித்தாள், பட்டம் வாங்கினாள், வேகமாகப் பேசக் கற்றுக்கொண்டாள். இன்சார்ஜ் நாற்காலி காலியானபோது அது அவளுக்குப் போனது. தையல்நாயகி ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்வீட் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள்.

ஆனால் அன்றிலிருந்து ஒரு சங்கடம். பழையபடி ‘நீ, வா, போ’ என்று கூப்பிட வாய் வரவில்லை. தன்னைவிடப் பதின்மூன்று வயது சின்னவளை ‘நீங்க’ என்று சொல்லவும் நாக்கு புரளவில்லை. அதனால் ஆளைக் கூப்பிடாமலே பேசும் வித்தையைப் பழகிக்கொண்டாள். “டாக்டர் தேடினாரு,” “அந்தச் சாவி எங்க இருக்குதோ தெரியல,” “மூணாம் பெட்டுக்கு பிபி எறங்குது.” காற்றைப் பார்த்துச் சொல்வாள். செண்பகம் வந்து செய்துவிட்டுப் போவாள். இப்படியே ஐந்தாறு வருடம் ஓடிவிட்டது. செண்பகம் மட்டும் எப்போதும்போல ‘அக்கா’ என்றுதான் கூப்பிட்டாள்.

அன்று சாயங்காலம் வேங்கடேசன் மல்லாட்டைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். மடை ஓரம் நின்று தையல்நாயகி எல்லாவற்றையும் சொன்னாள்.

“கோச்சுன்னா ரயிலு பொட்டிதான?” என்றான் அவன்.

“அது வேற, இது வேறங்க.”

“அப்போ கோச்சையே எடுத்துக்க. தெனிக்கும் அதுலதான போற.” அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் மண்வெட்டியை ஊன்றி நின்றான். “செண்பகம்னா உனக்கு இன்னா கஷ்டம்? நல்ல பொண்ணுதான அது?”

“நல்ல பொண்ணுதான். அதான் பேஜாரு.”

வேங்கடேசனுக்கு அது புரியவில்லை. அவளுக்கே சரியாகப் புரியவில்லை.

முடிவு சொல்வதற்கு முன்னால் கோச்சிடம் ஒருமுறை பேசிப் பார்க்கலாம் என்றார் மணிமாறன். சென்னையிலிருந்து அழைப்பு வந்தபோது தையல்நாயகி வீடு திரும்பும் ரயிலில் இருந்தாள். அந்த அம்மாளின் பெயர் தேவகி. அவசரமே இல்லாத குரல்.

“சிஸ்டர், கண்ணை மூடிக்க முடியுமா? பக்கத்துல யாராவது இருக்காங்களா?”

“எதிர்ல ஒருத்தரு தூங்கிக்கினு இருக்காரு மேடம். பரவால்ல.”

“இன்னும் ஒரு வருஷம் ஆயிடுச்சுன்னு வெச்சுக்கோங்க. ஒரு சாதாரணக் காலை. விசேஷம் எதுவும் இல்ல. நீங்க உங்க யூனிட்டுக்குள்ள போறீங்க. என்ன தெரியுது?”

யாரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. ‘என்ன செய்தாய்’ என்று கேட்டிருக்கிறார்கள், ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டிருக்கிறார்கள். என்ன தெரிகிறது என்று கேட்டவர்கள் கிடையாது.

தையல்நாயகி கண்ணை மூடினாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு கதவு தெரிந்தது. வெள்ளைக் கதவு இல்லை, இளம்பச்சை. அதைத் தள்ளினாள்.

“ஜன்னலு தெரியுது மேடம். பெருசு பெருசா. இங்க எங்க யூனிட்ல ஜன்னலே கெடையாது, டியூப்லைட்டுதான். அங்க படுத்துக்கினே பாத்தா வெளிய வேப்பமரம் தெரியுது. நெழலு உள்ள வந்து போர்வை மேல ஆடுது. ஒருத்தரு காலை நீட்டிப் படுத்துக்கினு அந்த நெழலையே பாத்துக்கினு இருக்காரு. மூஞ்சில வலி இல்ல. கொல்லையில வேலை முடிச்சிட்டு மரத்தடியில சாஞ்சா எப்படி இருக்கும், அந்த மாரி.”

“அப்புறம்?”

அப்புறம் அவள் பேசிக்கொண்டே போனாள். சுவரின் நிறம் சொன்னாள். யாரோ கொண்டுவந்து வைத்த சாமந்திச் செடி சொன்னாள். திரைச்சீலை காற்றில் புடைத்துப் புடைத்து அடங்குவதைச் சொன்னாள். ரயில் ஓடுகிற தாலாட்டில் அந்த அறை மெல்ல மெல்ல முழுசாக வந்து அவளைச் சுற்றி நின்றது.

“என்ன சத்தம் கேக்குது சிஸ்டர்?”

தையல்நாயகி காது கொடுத்துப் பார்த்தாள். “சத்தமே இல்ல மேடம். அமைதியா இருக்குது.”

“நல்லது. அதை அப்படியே வெச்சுக்கோங்க. இன்னொரு நாள் பேசுவோம்.”

கண்ணைத் திறந்தபோது ரயில் நின்றிருந்தது. வெளியே பலகையில் ஒலக்கூர் என்று எழுதியிருந்தது. திண்டிவனம் எப்போது வந்தது, எப்போது போனது, தெரியாது. புடவையை அள்ளிப் பிடித்துக்கொண்டு குதித்து இறங்கினாள். வண்டி போய்விட்டது. நடைமேடையில் அவளைத் தவிர யாரும் இல்லை. மேற்கே வானம் மஞ்சள் அரைத்துப் பூசியதுபோல இருந்தது. தண்டவாளத்துக்கு அப்பால் கொக்குக் கூட்டம் ஒன்று ஏரிப்பக்கம் தாழ்ந்து இறங்கியது. கோபம் வரவேண்டும். வரவில்லை. சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தாள்.

வேங்கடேசன் வண்டி எடுத்துக்கொண்டு வந்தான். “இத்தினி வருஷத்துல ஒருநாளு கூட ஸ்டேஷனைத் தவற விட்டதில்லயே நீ” என்றான். அவள் இன்னும் அந்த இளம்பச்சைக் கதவுக்கு உள்ளேதான் இருந்தாள்.

அந்த வாரம் முழுவதும் அவள் கால் தரையில் பாவவில்லை. கோச்சையே சொல்லிவிடுவது என்று மனசு முடிவு கட்டிவிட்டது. மணிமாறன் வெளியூர் போயிருந்தார். திரும்பி வந்ததும் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அதற்குள் செண்பகமே வந்து பேசினாள். மெஷின்களுக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒரு பின்னறையில் இருந்தது. காலை ஷிஃப்ட் முடிந்து, டீ டம்ளரோடு தையல்நாயகி அங்கே நின்றிருந்தாள். மோட்டார் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது.

“அக்கா, மணிமாறன் சாரு விசயத்தைச் சொன்னாரு. நீ கோச்சையே சொல்லிடு.”

தையல்நாயகிக்குத் தூக்கிவாரிப் போட்டது. காற்றைப் பார்த்து, “ஏன்?” என்றாள்.

“நான் சொல்லிக் குடுத்தா நீ என்னை மாரியே ஆயிடுவ. எனக்கே சில நாளு என்னைக் கண்டா கடுப்பா இருக்குது. காட்டுக் கத்தல் கத்தறேன், ஜல்தி ஜல்தின்னு எல்லாரையும் வெரட்டறேன். உனக்கு அது வேணாம்க்கா.” செண்பகம் சுவரில் சாய்ந்துகொண்டாள். “நான் இன்சார்ஜ் ஆன புதுசுல இன்னா பண்ணேன் தெரியுமா? தெனிக்கும் காலைல மெஷினை ஆன் பண்ணிட்டு இங்க வந்து, இந்த மோட்டாருக்குப் பின்னாடி நின்னு வாந்தி எடுப்பேன். ஒரு மாசம்.”

“அது...” தையல்நாயகி வாயைப் பொத்திக்கொண்டாள். “நாங்கல்லாம் விசேஷம்னு இல்ல நெனச்சோம்!”

“தெரியுமே. அப்பதான் கல்யாணம் ஆன புதுசு. நீ ஊர்லேருந்து மாங்கா கொண்டாந்து உப்பு மொளவாத்தூள் வெச்சுக் குடுத்த. அழுகையும் வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு. தின்னுட்டுப் போய் வேலை பாத்தேன்.”

இருவரும் சிரித்தார்கள். மோட்டார் சத்தத்தில் அந்தச் சிரிப்பு வெளியே யாருக்கும் கேட்டிருக்காது.

“பயமா?” என்று கேட்டாள் தையல்நாயகி.

“பயம்தான். எந்த மெஷின் எப்ப அலறும்னு பயம். வீட்ல குக்கரு விசிலடிச்சா கூட ஓடுவேன். பஸ்ல ஒருத்தரு போன் அடிச்சா எந்திரிச்சு நிப்பேன். கண்ணை மூடினா காதுல அலாரம்தான். யார்கிட்ட போய் சொல்றது? உன்கிட்ட சொல்லலாம்னா, நீ அப்பலாம் என் மூஞ்சப் பாத்துப் பேசறதையே வுட்டுட்ட.”

சொல்லிவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டு செண்பகம் போய்விட்டாள். அதில் குற்றம் சாட்டும் தொனி எதுவும் இல்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்று சொல்வது போலத்தான் சொன்னாள். தையல்நாயகி மட்டும் வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

இரண்டாம் முறை தேவகி பேசியபோது தையல்நாயகி வீட்டு மாட்டுக்கொட்டகை ஓரம் உட்கார்ந்திருந்தாள்.

“மேடம், எனக்கு உங்ககிட்ட பேசறது ரொம்பப் புடிச்சிருக்குது” என்று ஆரம்பித்தாள்.

“சந்தோஷம் சிஸ்டர். ஏன் பிடிச்சிருக்கு?”

“நீங்க என்னைப் பாத்ததே இல்லையே, அதனாலதான்.”

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அந்த வார்த்தை அவள் காதிலும் விழுந்தது. பசு ஒன்று மூச்சை இழுத்து விட்டது.

“கண்ணை மூடி எதைச் சொன்னாலும் நீங்க கேட்டுக்கிறீங்க. நான் திணறி நின்னதை நீங்க பாத்ததில்ல. கத்தறவங்க முன்னாடி நான் வாயே தொறக்காம சுவத்தோரம் ஒதுங்கறதையும் பாத்ததில்ல.”

“அதையெல்லாம் பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?”

“இருக்குது ஒரு பொண்ணு.”

தேவகி சொன்னாள். “நான் ஒண்ணு வெளிப்படையா சொல்லட்டுமா? டயாலிசிஸ் ரூமுக்குள்ள நான் கால் வெச்சதே இல்ல. உங்களுக்கு எங்க போகணும்னு நல்லாவே தெரியுது. அதைக் கேள்வி கேட்டு வெளிய எடுக்கறது என் வேலை. ஆனா எப்படிப் போறதுன்னு கேட்டீங்கன்னா, அந்த வழியில நடந்தவங்க காலைத்தான் பாக்கணும். அதுக்காக என்னை வேண்டாம்னு சொல்லுங்கன்னு சொல்லல. யோசிங்க. முடிவு உங்களோடது.”

திண்டிவனம் பைபாஸில் நிற்கிறவர்களுக்கு ஓர் அனுபவம் உண்டு. ஒரு பஸ்காரர் ‘பின்னாடி வர்றதுல ஏறு’ என்பார். பின்னால் வருகிறவர் ‘முன்னாடி போனதுல ஏறியிருக்கலாமே’ என்பார். இருவருக்கும் நல்ல மனசுதான். கையில் பையோடு நடுவில் நிற்கிறவர் பாடுதான் திண்டாட்டம். தையல்நாயகி அப்படித்தான் நின்றாள்.

சித்திரைப் பௌர்ணமிக்கு வேங்கடேசனோடு திருவக்கரைக்குப் போனாள். வக்கிரகாளியம்மன் கோயிலில் கூட்டம் நெரிந்தது. எலுமிச்சம்பழ மாலையும் கற்பூரப் புகையுமாகத் தரிசனம் முடித்து வெளியே வந்தபோது வெயில் தணிந்திருந்தது. கல்மரங்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றாள். மரம் மரமாகவே கல்லாகிப் படுத்துக்கிடக்கும் இடம் அது. பட்டை தெரியும், கணு தெரியும், தொட்டால் மட்டும் கல். வேங்கடேசன் ஒரு புதர் நிழலில் துண்டை விரித்துப் படுத்து உடனே தூங்கிப்போனான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். காற்று செம்மண்ணைத் தடவிக்கொண்டு வந்தது. கண் தானாகச் செருகியது.

இளம்பச்சைக் கதவு வந்தது. தள்ளினாள். ஜன்னல், வேப்ப நிழல், புடைக்கும் திரைச்சீலை, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. எவ்வளவு அழகு! ஆனால் இந்த முறை உள்ளே நடக்க நடக்க ஏதோ ஒன்று குறைந்தது. மெஷின்கள் இருந்தன. அவற்றின் முள்ளும் எண்ணும் ஓடவில்லை. படுத்திருப்பவர்கள் இருந்தார்கள், அவர்கள் தும்மவில்லை, இருமவில்லை, ‘சிஸ்டர் தண்ணி’ என்று கேட்கவில்லை. வேலை பார்ப்பவர்கள் ஒருவர்கூட இல்லை. அந்த அமைதி அவளுக்கு முதன்முதலாகப் பயத்தைத் தந்தது. டயாலிசிஸ் அறையில் சத்தமே இல்லையென்றால் மெஷின் ஓடவில்லை என்று அர்த்தம். இத்தனை வருட நர்சுக்கு அது தெரியாமலா போகும்?

அப்போது அவளுக்குப் பின்னால் கதவு திறந்தது. செண்பகம் உள்ளே வந்தாள். செருப்பை உதறிவிட்டு, “இன்னாக்கா, மசமசன்னு நின்னுக்கினு இருக்க” என்றாள். அவள் குரல் விழுந்த இடத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சத்தம் கிளம்பியது. பின்னறையில் மோட்டார் இரைந்தது. மூன்றாவது மெஷின் கீச்சென்று அலறியது. யாரோ இருமினார்கள். வாசலில் ஒரு சொந்தக்காரர் ஏன் இவ்வளவு நேரம் என்று சண்டை போட்டார். திரைச்சீலை அப்போதும் புடைத்துக்கொண்டுதான் இருந்தது. நிழல் அப்போதும் போர்வை மேல் ஆடியது. அறைக்கு உயிர் வந்துவிட்டது.

தையல்நாயகி கண்ணைத் திறந்தாள். எதிரே கல்மரம் வெயிலில் செம்பாக மின்னியது. போனை எடுத்து அடித்தாள்.

“இன்னாக்கா, கோயில்ல இருக்கியா? எனக்கும் ஒரு பொட்டலம் குங்குமம்...”

“செண்பகம், நீதான்டி எனக்கு வேணும்.”

செண்பகத்துக்குக் குங்குமம் மறந்துபோனது. ‘மென்டராக வா’ என்பதையா அவள் யோசித்தாள், இல்லை இத்தனை வருடம் கழித்து வந்த அந்த ‘நீ’யையா, யார் கண்டது.

“நான் திட்டுவேன்க்கா” என்றாள் கடைசியில்.

“திட்டு.”

தேவகியிடம் தையல்நாயகியே போன் செய்து சொன்னாள். அவள் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. “அந்த ஜன்னலை மட்டும் விட்டுடாதீங்க” என்றாள்.

ஜன்னலில்தான் முதல் சண்டையே வந்தது. திண்டிவனத்துக் கட்டிடத்தில் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தபோது செண்பகம் வந்து பார்த்தாள். கட்டில்களை ஜன்னல் பார்த்துப் போடவேண்டும் என்றாள் தையல்நாயகி.

“போட்டா உன் டேபிள்லேருந்து அவங்க மூஞ்சி எப்படித் தெரியும்? தலைமாட்டைப் பாத்துக்கினு இருப்பியா? பிபி எறங்கறது மூஞ்சிலதான்க்கா மொதல்ல தெரியும். எனக்கு ஒருத்தரு அப்படிக் கண்ணெதிர்லயே சாஞ்சாரு, நல்ல காலம், பக்கத்துல இருந்தேன்.”

“சுவத்தைப் பாத்துக்கினு நாலு மணி நேரம் எப்படிப் படுப்பாங்க? ஆயுசு முழுக்க வரணும்டி அவங்க.”

“ஆயுசு இருந்தாத்தான வருவாங்க!”

கொத்தனார் கரண்டியோடு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். செண்பகம் குரலை உயர்த்தினால் தையல்நாயகி ஒதுங்கிப் போய்விடுவதுதான் வழக்கம். அன்று ஒதுங்கவில்லை. தரையில் சாக்பீஸ் எடுத்துக் கட்டில்களைக் கோணலாக வரைந்தாள். தலை ஒரு மூலை, கால் ஒரு மூலை. படுத்தவர் கண்ணுக்கு ஜன்னல், மேசையில் இருப்பவள் கண்ணுக்கு முகம். செண்பகம் ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் போய்ப் படுத்துப் பார்த்தாள், புது சுடிதாரில் சுண்ணாம்பு அப்பிக்கொண்டது. கடைசி இரண்டு கட்டிலுக்கு மட்டும் ஜன்னல் சரியாகத் தெரியவில்லை. “ரெண்டுதான, மாத்தி மாத்திப் படுக்க வெச்சுக்கலாம்” என்று அவளே சொல்லிவிட்டுப் போனாள்.

ஆனியில் யூனிட் திறந்தது. கதவுக்கு இளம்பச்சை கிடைக்கவில்லை, நீலம்தான் கிடைத்தது. வேப்பமரம் இல்லை, வெளியே ஒரு புங்கமரம் இருந்தது. நிழலுக்கு அது போதும்.

செண்பகம் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வருவாள். மற்ற நாட்களில் போன். இப்படிச் செய், அப்படிச் செய் என்று அவள் அதிகம் சொல்லவில்லை. “நான் அன்னிக்கு இப்படிப் பண்ணேன், இப்படி ஆச்சு. உன் ஆளுங்களைப் பாத்து நீ முடிவு பண்ணிக்க” என்பாள். விழுப்புரத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை பார்த்த வருடங்களில் தெரியாத எவ்வளவோ அந்தப் போன் பேச்சில் தெரிந்தது. யாரை எந்த ஷிஃப்டில் போட்டால் சண்டை வராது, டாக்டரிடம் எதை எப்போது கேட்கலாம், வேலையில் தப்பு செய்த பையனை எல்லார் முன்னாலும் ஏன் திட்டக்கூடாது.

ஆடி மாதம் ஒரு காலை தண்ணீர் சுத்திகரிக்கும் மோட்டார் பாதியில் நின்றுபோனது. கட்டில்களில் இருந்தவர்களுக்கு டயாலிசிஸைப் பத்திரமாக நிறுத்தி ரத்தத்தைத் திருப்பி ஏற்றியாயிற்று. அடுத்த ஷிஃப்டுக்கு வந்தவர்கள் வாசலில் கொதித்தார்கள். தையல்நாயகி செண்பகத்துக்கு அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. சுவரோரம் ஒதுங்க அவள் கால் பார்த்தது. ஆனால் அந்தச் சுவருக்கு அவள்தான் பொறுப்பு.

வெளியே போனாள். “மோட்டாரு நின்னுபோச்சு. மெக்கானிக்கு வந்துக்கினு இருக்காரு. மத்தியானம் ஆயிடும். மூச்சு வாங்கறவங்களை மட்டும் இப்பவே வேன்ல விழுப்புரம் அனுப்பறேன். மத்தவங்க இருந்தா, இருக்கற வரைக்கும் நானும் இருக்கேன்” என்றாள். குரல் நடுங்கவில்லை. கத்திக்கொண்டிருந்த ஒருவர், “அதைச் சொன்னா போதுமே சிஸ்டர்” என்று துண்டை உதறி உட்கார்ந்தார்.

மத்தியானம் செண்பகம் திருப்பிக் கூப்பிட்டாள். அவள் பக்கம் ஒரு நோயாளிக்கு ரொம்ப முடியாமல் போயிருந்தது. “இன்னாச்சுக்கா, நீ இன்னா பண்ண?” என்று கேட்டாள். தையல்நாயகி சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி” என்றாள் செண்பகம். அந்த ஒரு ‘சரி’யைத் தையல்நாயகி நாள் முழுக்க நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தாள்.

“வாந்தி வந்துச்சா?” என்று அடுத்த தடவை வந்தபோது கேட்டாள் செண்பகம்.

“இல்ல. பசிதான் எடுத்துச்சு. ஆறு இட்லி துன்னேன்.”

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. ஒரு சனிக்கிழமை செண்பகம் வந்திருந்தபோது, சாலையில் தண்ணீர் ஓடுகிறது, பஸ் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தையல்நாயகி அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு செண்பகம் கேப்பைக் களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

காலையில் மழை விட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, யாருக்கும் அவசரம் இல்லை.

“இங்கேருந்து கடலு எவ்ளோ தூரம்க்கா?”

“மரக்காணம்தான். பக்கம்.”

“விழுப்புரத்துலயே பொறந்து வளந்தேன். பொறுமையா நின்னு கடலைப் பாத்ததே இல்ல.”

இருவரும் பஸ் ஏறிப் போனார்கள். சாலைக்கு இரண்டு பக்கமும் உப்பளம் முழுக்க மழைத்தண்ணீர் தேங்கி, பாத்தி எது வரப்பு எது என்று தெரியாமல் ஒரே கண்ணாடியாகக் கிடந்தது. அதற்குள் மேகம் நகர்ந்துகொண்டிருந்தது. கடற்கரையில் படகுகளை மேட்டுக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். மீனவப் பெண்கள் சிலர் வலைமேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அலை சாம்பல் நிறத்தில் உருண்டு வந்தது.

செண்பகம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரம் போய் நின்றாள். தையல்நாயகி அவள் பக்கத்தில் போய் நின்றாள். யூனிட்டைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஓர் அலை கணுக்கால் வரை ஏறி, காலடி மணலைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு திரும்பியது.

“ஐய, கூசுதுக்கா!” என்று செண்பகம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.